துறையில் கணக்குக் கேட்ட அம்மா

அம்மாவுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது. அப்பா இறந்த பிறகு, நெடுந்தீவுத் துறையில் படகிலிருந்து இறங்குகிறவர்களுக்கு மோர் விற்றுத்தான் எங்கள் வீடு நடந்தது. அங்கேயும் அவர் கூவி விற்றதில்லை. வாளியை வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தாகம் எடுத்தவர்கள் தாங்களாகவே வந்து வாங்கிக் குடிப்பார்கள்.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது எங்கள் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. டியூசனுக்குப் போவதென்றால் கடல் கடக்க வேண்டும், அதற்கு வசதியில்லை. தவணைப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினெட்டுப் புள்ளிகள் எடுத்தேன். அடுத்த வருடம் அரசு நடத்தும் ஓ.எல். பரீட்சையிலும் இப்படி என்றால் அத்தோடு படிப்பு நின்றுவிடும்.

“எனக்கு ஏலாது அம்மா. நானும் உங்களோட மோர் விக்க வாறன்,” என்றேன்.

“சனிக்கிழமை வா. கணக்குக் கொப்பியையும் கொண்டு வா.”

சனி காலை முதல் படகில் வந்தவர்கள் இறங்கினார்கள். கழுத்தில் கமெரா தொங்க ஓர் இளைஞர் வந்தார். அம்மா இரண்டடி முன்னே போனார்.

“தம்பி, உங்களுக்குக் கணக்குத் தெரியுமோ?”

அவர் பணப்பையை எடுத்தார். “எவ்வளவு அம்மா?”

“காசுக் கணக்கில்லை தம்பி. படிக்கிற கணக்கு. என்ரை பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லை.”

எனக்கு அப்படியே கடலுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. “எனக்கும் அது சரிவராது அம்மா,” என்று அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அடுத்தவரிடம் போனார். அதற்கடுத்தவரிடமும் போனார். ஐந்தாவதாகக் கேட்கப்பட்ட பெண் வங்கியில் வேலை செய்பவர். வட்டிக் கணக்கை அரை மணி நேரத்தில் எனக்குப் புரியவைத்தார்.

அதன்பின் ஒவ்வொரு சனியும் ஞாயிறும் அம்மா கேட்டார். தீவின் காட்டுக் குதிரைகளைப் பார்க்க வந்தவர்களிடம் கேட்டார், வெளிநாட்டிலிருந்து சொந்த வீடு பார்க்க வந்தவர்களிடம் கேட்டார். பலர் சிரித்தார்கள். சிலர் கல்மதிலோரம் என்னோடு குந்தியிருந்து முக்கோணம் கீறிக் காட்டினார்கள்.

ஒருநாள் ஒரு சிங்களத் தம்பதி வந்தார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. கொப்பியை விரித்து, விரலால் கணக்கைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். அந்த மனிதர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனையை வாங்கிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

மாதக்கணக்காக எனக்குப் பிடிபடாதிருந்த இருபடிச் சமன்பாடு அது. அவர் ஒரு வரி எழுதுவார், நான் அடுத்த வரி எழுதுவேன். பிழையென்றால் வட்டம் போட்டுத் தலையாட்டுவார். படகு புறப்படும் நேரம் வந்தது. மனைவி கூப்பிட்டார். அவர் படகோட்டியை நோக்கிக் கையை உயர்த்திவிட்டு இன்னொரு கணக்கை எழுதித் தந்தார். நான் தனியே செய்து முடித்தேன். விடை சரி. அவர் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கொப்பியில் வெயில் படாமல் அம்மா சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். அந்த எண்களில் ஒன்றும் அவருக்கு விளங்கியிராது. ஆனாலும் கோயிலில் தீபம் பார்ப்பதுபோல அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓ.எல். கணிதத்தில் எனக்கு ‘சி’ தரம் கிடைத்தது, அது போதும். யாழ்ப்பாணத்தில் தங்கி மேலே படித்தேன். இப்போது நிலம் அளக்கும் வேலையில் இருக்கிறேன்.

போன வருடம் ஒருநாள் கேட்டேன்: “அம்மா, அப்ப உங்களுக்கு வெக்கமா இருக்கேல்லையோ?”

“ஏன் இல்லை? ஒவ்வொரு படகும் வரேக்க வெக்கமாத்தான் இருந்தது,” என்றார். “ரெண்டு தரம் மதிலுக்குப் பின்னால போய், குடிச்ச தேத்தண்ணி எல்லாம் வெளியில வரச் சத்தியும் எடுத்தனான். நீ காணேல்லை.”