தொடாமல் ஒரு பர்சனல் டச்

மும்பை தாராவியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே ஆயாக்களை அனுப்பிக் கவனித்துக்கொள்வது எங்கள் அறக்கட்டளையின் பணி. கவனித்துக்கொண்டவர்கள் ஆயாக்கள். கமிட்டியில் இருந்த நாங்கள் மாட்டுங்காவில் மாதம் ஒருமுறை கூடி, போண்டா தின்றுகொண்டே கவலைப்பட்டோம். பெண் ஒருத்தியாவது இருக்கட்டும் என்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னையும் கவலைப்படச் சேர்த்துக்கொண்டார்கள்.

நன்கொடை குறைந்தபோது செயலாளர் ஐரோலியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே 'பர்சனல் டச்' இல்லை என்று அவர் கண்டுபிடித்தார்.

"பாத்தேளா, நமக்குத் தோணவே இல்லையே!" என்று செயலாளர் உருகினார். உடனே பர்சனல் டச்சுக்கு ஒரு துணைக்குழு அமைந்தது.

நெருளிலிருந்து தவறாமல் நன்கொடை அனுப்பும் அம்மாளைத் தாராவிக்கு அழைப்பது என்று முடிவாயிற்று. அவர் சந்திப்பதற்கு ஒரு நோயாளி வேண்டுமே! இட்லி வியாபாரம் செய்துவந்த ஒரு திருநெல்வேலிப் பெண்மணியைத் தேர்ந்தெடுத்தோம். பரணுக்குப் போகும் இரும்பு ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனவர். படத்துக்கு ஏற்ற முகம் என்றார் ஆலோசகர். வாயைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அன்று அந்த ஒற்றை அறைக்குள் நாங்கள் அத்தனை பேரும் நுழைந்தோம். இடம் போதாததால், செயலாளர் ஆயாவை மருந்து வாங்கச் சொல்லி சயானுக்கு அனுப்பிவிட்டார். நெருள் அம்மாள் கட்டிலருகே உட்கார்ந்தார். ஆலோசகர் மொபைலைத் தூக்கிப் பிடித்தார்.

"மேடம், அவங்க கையப் பிடிச்சுக்கோங்க. தோடா ஸ்மைல், கொஞ்சமா சிரிங்க."

"கை கெடக்கட்டும். வந்தது வந்துட்டிய, என்னக் கொஞ்சம் பொரட்டிப் போடுங்க. முதுகு எரியுது" என்றார் படுத்திருந்தவர்.

செயலாளர் பதறினார். "ஆயா எங்கே? ஆயாவைக் கூப்பிடுங்கோ!"

"நீங்கதான அவள வெரட்டி விட்டிய. எடத்த அடைக்கான்னு."

செயலாளர் கூரையைப் பார்த்தார். ஆலோசகர் வாசலுக்கே நகர்ந்துவிட்டார். நெருள் அம்மாள் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"அரே, என்ன பாத்துட்டு நிக்கறீங்க? அந்தப் பக்கம் பிடிங்க. ஆம்பளைங்க வெளிய போங்க."

பிடித்தேன். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரைப் பார்த்துக்கொண்ட பழக்கம் அம்மாளுக்கு, லாகவமாகத் திருப்பினார். முதுகில் செக்கச்செவேலென்று புண் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"நாலஞ்சு நாளா. அவ ஒருத்தி எத்தன வீட்டுக்குத்தான் ஓடுவா?"

வெளியே வந்ததும் அதே கேள்வியை அவர் செயலாளரிடம் கேட்டார். செயலாளர் ஆலோசகரைப் பார்த்தார். "டேட்டா மெயில் பண்றேன், மேடம்" என்றார் ஆலோசகர்.

மெயிலுக்கு அம்மாள் காத்திருக்கவில்லை. இன்னொரு ஆயாவை வைத்தால்தான் இனி நன்கொடை என்று சொல்லிவிட்டார். அறக்கட்டளைக் கூடத்துக்கு அவர் பெயரையே வைப்பதாகச் செயலாளர் ஆசை காட்டியும் மசியவில்லை. புது ஆயா வந்தார். ஆண்டறிக்கையில் போட ஒரு படம்கூடத் தேறவில்லை என்று கமிட்டியில் துக்கம் அனுசரித்தோம். கடைசியில் யாரோ யாருடைய கையையோ பிடித்திருக்கும் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். அட்டகாசமாக வந்திருப்பதாகப் பாராட்டுகள் குவிந்தன.

புண் ஆறிவிட்டது. திருநெல்வேலிப் பெண்மணி இனி நடக்கப்போவதில்லை. நெருள் அம்மாள் சனிக்கிழமைகளில் ரயிலேறி வந்து, ஆயாவோடு சேர்ந்து அவரைத் தலைக்குக் குளிப்பாட்டுகிறார். மூவருமாக ஊரிலுள்ள மருமகள்களை எல்லாம் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என்னை இன்னும் கமிட்டி ஆள் என்றுதான் நினைக்கிறார்கள்.