அஷியின் தம்பிக்கு அகலக்கால் களிசான்

ஈரத்துணியை விரித்துச் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்ததும் அந்தக் காற்சட்டையிலிருந்து விறகுப் புகையின் மணம் எழுந்தது. பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அம்மா நடத்திய தையற்கடைக்கு வந்த துணிகளெல்லாம் சவர்க்காரமோ சாம்பிராணியோ பொரித்த எண்ணெயோ மணப்பவை. பல ஆண்டுகள் அடுப்புப் புகையைக் குடித்த துணி அங்கே வந்தது அந்த ஒருமுறைதான். அது கடைக்கு வந்த நாள் என் நாட்குறிப்பில் 2010 நவம்பர், செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. வீடு இருந்த புறநகர் பியர்ஃபித்திலிருந்து ரயிலேறி வந்து, வகுப்பில்லாத நேரமெல்லாம் அம்மாவின் இரண்டாவது தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் காற்சட்டையைக் "களிசான்" என்போம். இந்தக் களிசான் கருநீலப் பருத்தியில் கையால் தைத்தது. ஒவ்வொரு காலும் ஒரு பாவாடை அளவுக்கு அகலம். கொண்டுவந்தவள் அஷி, கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவள். சீனாவின் தென்மேற்கு மலைகளில் வாழும் யீ மக்களில் அவளுடைய ஆட்கள் தங்களை "நோசு" என்பார்கள். அவர்கள் மொழிக்கும் அதுவே பெயர். அவளுடைய தம்பி அப்போதுதான் பாரிசுக்குப் படிக்க வந்திருந்தான். சனிக்கிழமை, நகரத்திலிருந்த சொற்ப நோசுக்காரரும் ஒரு மண்டபத்தில் கூடித் தங்கள் ஆண்டுப் பிறப்பைக் கொண்டாடுவதாக இருந்தார்கள். அங்கே தம்பி உடுக்கத் தகப்பன் தன் களிசானைக் கொடுத்துவிட்டிருந்தார். தகப்பன் நெட்டை, தம்பி கட்டை. நீளத்தில் நாலு விரற்கடை குறைக்க வேண்டும் என்று மட்டும்தான் அவள் கேட்டாள். அம்மா துண்டில் எழுதிக் குண்டூசியால் குத்தியதும் அதை மட்டும்தான்.

கேட்டதற்கு மேலே கொஞ்சம் செய்து கொடுப்பது எங்கள் கடையின் வழக்கம். பொத்தான் இளகியிருந்தால் சொல்லாமலே இறுக்குவோம், உள்துணி கிழிந்திருந்தால் தைத்துவிடுவோம். அந்த ஆண்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லா ஷப்பல் பகுதியில் வாசற்படி ஏறிய இளைஞர் எல்லோரும் "காலை ஒடுக்கித் தாங்கோ" என்றுதான் கேட்டார்கள். புதன்கிழமை அம்மா விசா அலுவலாக, முன்கூட்டியே நேரம் குறித்த ஒரு "ரண்டேவூ"வுக்குப் போயிருந்தபோது, களிசானின் விளிம்பை அளவாக மடித்துத் தைத்து முடித்த நான், அந்த இரண்டு பாவாடைகளையும் பார்த்து, வெட்டத் தெரியாத யாரோ தைத்தது என்று முடிவுசெய்து, ஒவ்வொரு காலிலும் உட்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்வாக ஒடுக்கி, மிச்சத்தை வெட்டி எறிந்தேன். பிறகு மினுக்கி மடித்தேன். புகை மணந்தது அப்போதுதான். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

வியாழன் மாலை அஷி வந்து பொதியை அவிழ்த்தாள். களிசானை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், மறுபக்கம் திருப்பினாள், பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது இப்போது எங்கள் ஊர்க் களிசான் இல்லை," என்றாள் பிரெஞ்சில்.

வெட்டும் மேசையில் கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்து மூன்று களிசான்களை வரைந்தாள்: ஒன்று பெரும் அகலம், ஒன்று நடுத்தரம், ஒன்று கணுக்காலில் ஒடுக்கம். அவளுடைய ஆட்களின் மொழியில் முக்கியமான பேச்சு வழக்குகள் மூன்று என்றும், ஆண்கள் உடுக்கும் காலின் அகலத்தை வைத்தே அந்தந்தப் பக்கத்தாரை அழைப்பார்கள் என்றும் சொன்னாள். அவளுடைய ஊரார் அகலக்கால்காரர். அவர்களும் நடுக்கால்காரரும் ஒருவர் பேச்சை ஒருவர் சிரமமில்லாமல் பிடிப்பார்கள். தெற்கே இருக்கும் ஒடுக்கக்கால்காரர் வேகமாகப் பேசினால் மற்றவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாடப்புத்தகத்துக்குப் போனது நடுக்கால்காரர் பேச்சு.

"என் தம்பியை நீ தெற்கே அனுப்பிவிட்டாய். சனிக்கிழமை எல்லாரும் காலைப் பார்த்துவிட்டு அவனோடு தெற்குப் பேச்சில் தொடங்குவார்கள். அவனுக்குப் பாதிதான் விளங்கும். அப்பா படம் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?"

நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு ஆர் சொன்னது காலை ஒடுக்கச் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. வடிவா இருக்குமெண்டு…"

"வடிவு. எங்கடை ஆக்களை வாயைத் திறந்தாப்பிறகுதான் எவடமெண்டு பிடிக்கலாம். இவையைத் தூரத்திலை வரேக்கையே பிடிக்கலாம். அந்த வசதியை நீ வெட்டிப்போட்டாய்."

இஸ்திரிப்பெட்டிக்கு அருகிலிருந்த பவளமக்கா சிரித்தார். மட்டக்களப்பிலிருந்து வந்து எங்களுக்குத் துணி மினுக்கித் தந்தவர் அவர். வாக்கியத்துக்கு வாக்கியம் "கா" போடுகிறார் என்று யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் அவரை நாள்தோறும் பகிடி பண்ணுவார்கள்.

"என்னகா, நான் அகலக்காலா ஒடுக்கக்காலா?" என்றார்.

"நீர் கால் போடாத சாரம். பேசாமல் வெட்டுத்துண்டு சாக்கைக் கவிட்டுக் கொட்டும்," என்றார் அம்மா. சாரம் என்பது எங்கள் பேச்சில் லுங்கி.

கடைத் தரை முழுவதும் துண்டுகளைப் பரப்பி நான்கு பேரும் முழங்காலில் இருந்து தேடினோம். மூன்று நீளக் கீற்றுகள் கிடைத்தன. நான்காவது, பவளமக்கா இஸ்திரிப்பெட்டியின் அடியைத் துடைத்த துணியாக, பாதி கருகிப் போயிருந்தது. அவர் அதை உதறி நீவிப் பார்த்தார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ உடுத்திருக்கிற பாவாடை என்ன நிறம்?"

கருநீலம். எனக்கு மிகவும் பிடித்த பாவாடை. அன்றைக்குக் கடையில் தொங்கிய யாரோ ஒருவருடைய நீளச்சட்டையை மாற்றி உடுத்துக்கொண்டு, என் பாவாடையின் அடியிலிருந்து நாலு விரற்கடைப் பட்டையை நானே வெட்டினேன். என் தையலைப் பிரித்து, மூன்று பழைய கீற்றுகளையும் அந்தப் புதியதையும் வைத்து, வெள்ளி மாலைக்குள் இரண்டு கால்களையும் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தோம். அம்மா இயந்திரத்தைத் தொடவிடவில்லை. கையால் தைத்ததைக் கையால்தான் திருத்த வேண்டும் என்றார். வலது காலின் உட்பக்கம் மட்டும் உற்றுப் பார்த்தால் நீலம் ஒரு சாயல் கூடுதலாகத் தெரியும்.

திங்கட்கிழமை அஷி தம்பியோடு வந்தாள். மண்டபத்தில் வாசலில் நின்றவரே அவனைக் கண்டதும் அவன் ஊர்ப் பேச்சில் வரவேற்றாராம். எங்கிருந்து வருகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். தம்பி எங்களுக்குத் தங்கள் மொழியில் "கஷாஷா" என்று நன்றி சொன்னான். பவளமக்கா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, "கா எண்டுதானே துவங்குது. இது எங்கட பக்கத்துப் பாசைதான்," என்றார்.

இப்போது நான் முப்பதைத் தாண்டிவிட்டேன். அம்மாவின் பார்வை மங்கியபின் கடை கைமாறி, அந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். பவளமக்கா மகனோடு செவ்ரானுக்குப் போய்விட்டார். சென்ற மாதம் அஷி ஒரு படம் அனுப்பியிருந்தாள்: ஊரில் நடந்த தம்பியின் கலியாணத்தில் அவன் அதே களிசானோடு நிற்கிறான். இப்போது அங்கே பொடியன்கள் எல்லோரும் ஜீன்ஸ் போடுகிறார்கள், வாயைத் திறக்கும்வரை யார் எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை என்று எழுதியிருந்தாள். இங்கே வாயைத் திறந்தாலும் தெரிவதில்லை. போன வாரம் மரக்கறிக் கடையில் ஒரு முதியவர் என் மகனிடம் "தம்பி எவடம்?" என்று ஊரைக் கேட்க, அவன் பிரெஞ்சில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மெத்ரோ நிலையத்தின் பெயரைச் சொன்னான். அவரும் தலையாட்டிக்கொண்டு வெண்டைக்காயைத் தெரிந்தெடுக்கத் தொடங்கினார்.

படத்தைப் பெரிதாக்கி வலது காலைப் பார்த்தேன். அந்தச் சாயல் வெளுத்து, மற்றத் துணியோடு சேர்ந்துபோயிருந்தது. பாவாடை இன்னும் அலுமாரியில் இருக்கிறது, எடுத்து அளந்தேன். நாலு விரற்கடை குறைவு, சரியாக.