மழையில் அணைந்த முகப்பு விளக்கு

பகலில் காரின் முகப்பு விளக்கை எரியவிட்டு ஓட்டினால் திருச்சியில் ஒருவரும் சும்மா விடமாட்டார்கள். எதிரே வரும் சைக்கிள்காரர் கையை உயர்த்தி விரல்களை விரித்து மூடிக் காட்டுவார். டவுன் பஸ் கண்டக்டர் படியில் நின்றபடி, "லைட்டு எரியுதும்மா!" என்று கத்துவார். நாம் அணைத்த பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். கணவருக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டதால், அவர் வாங்கிய பழைய சாம்பல் நிறக் காரை நான்தான் ஓட்டினேன். டாஷ்போர்டில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். ஓர் இழுப்பில் சின்ன விளக்கு, இன்னோர் இழுப்பில் பெரிய விளக்கு. வெளிச்சத்தைத் தாழ்த்தவும் உயர்த்தவும் கிளட்சுக்கு இடப்பக்கம் தரையில் ஒரு பொத்தான். காலால் அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் இதைக்கூட ஒரு பெண் தெரிந்து வைத்திருப்பாள் என்று யாரும் நம்பவில்லை. பெட்ரோல் போடப் போனால், "சார் வரலீங்களா?" என்பார்கள்.

அன்று ஐப்பசி மழை. பிற்பகல் நான்கு மணிதான் இருக்கும். காவிரிப் பாலத்தில் ஏறியபோது முன்னால் போன பஸ்ஸே தெரியவில்லை. குமிழை இரண்டு இழுப்பு இழுத்தேன், வெளிச்சத்தைத் தாழ்த்தினேன். எனக்கு வழி தெரிவதற்காக அல்ல. அந்த மழையில் விளக்கு பெரிதாக எதையும் காட்டிவிடாது. நான் வருவது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான். பாலம் முழுக்க விரல்கள் விரிந்து மூடின. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பாலம் இறங்கியதும் மழைக்கோட்டு போட்ட ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

"என்னம்மா, பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு ஊர்வலமா போறீங்க?"

"மழை கண்ணை மறைக்குதுங்க. எதிர்ல வர்றவங்களுக்குக் கார் தெரியணுமில்ல?"

"பேட்டரி இறங்கிடும்மா. உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"என்ஜின் ஓடுறப்ப அதுவே சார்ஜ் ஆகும். இறங்காது."

அவருக்கு முகம் மாறியது. பின்னால் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் சட்டென்று ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டார். ஈரக் கோட்டுக் கை என் மார்பருகே நீண்டு, டாஷ்போர்டைத் தடவி, குமிழை உள்ளே தள்ளியது. "ம், போங்க" என்றார்.

என் காரில், என் அனுமதி இல்லாமல், என் மேல் உரசிக்கொண்டு நுழைந்த அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அப்போது கியர் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். இடப்பக்கச் சந்திலிருந்து தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திய ஒருவர் சைக்கிளில் வந்தார். சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குறுக்கே வந்தார். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஆனாலும் பம்பர் அவருடைய பின் சக்கரத்தில் இடித்துவிட்டது. அவர் வலது கையை ஊன்றி விழுந்தார்.

கூட்டம் கூடியது. "பொம்பளை கையில காரைக் குடுத்தா இப்படித்தான்" என்று ஒரு குரல். அடிபட்டவரைத் தூக்கிவிட அந்தக் குரலுக்குக் கை இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர்தான் உதவினார். அவரோடு சேர்ந்து காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் இயந்திரம் ஓட்டுகிறவராம்.

மறுநாள் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். "வீட்டுக்காரர் வரட்டும்மா" என்றார் அதிகாரி. "ஓட்டினது நான்தாங்க" என்று சொல்லி, நானே எழுதிக் கொடுத்தேன். போலீஸ்காரர் உள்ளே கைவிட்டு விளக்கை அணைத்ததையும் எழுதினேன்.

"அந்த வரி வேண்டாம்மா. புள்ளகுட்டிக்காரன், பாவம்."

"அடிபட்டவருக்கும் குடும்பம் இருக்கு."

அந்தப் போலீஸ்காரர் அங்கேதான் சுவரோரம் நின்றிருந்தார். "நான் வாயால சொன்னேன் சார். அவங்கதான் அணைச்சாங்க" என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அந்தப் பொய்யை விட இன்னொன்று என்னைக் குடைந்தது. அவரைத் தாண்டி வந்த பிறகு குமிழ் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மறுபடி இழுத்திருக்கலாம். இன்னொருவர் கத்துவதைக் கேட்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன். காகிதத்தைத் திரும்ப வாங்கி அதையும் எழுதினேன். அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க!" நான் எழுதிய அத்தனை வரிகளிலும் அவர்கள் நம்பியது அந்த ஒன்றைத்தான். அபராதம் எனக்கு. அந்தப் போலீஸ்காரரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அரியமங்கலம் போய் லேத்காரரைப் பார்த்தேன். மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையே தாங்க முடியவில்லை.

"விடுங்கம்மா, என் கெட்ட நேரம்" என்றார் அவர்.

எனக்கு அவர் மீதும் கோபம் வந்தது. "நேரமெல்லாம் இல்லைங்க. விளக்கு எரியலை, அதான்" என்று நடந்ததை முழுதாகச் சொன்னேன்.

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். "எரிஞ்சிருந்தா நின்னிருப்பேம்மா. ரெண்டு பக்கமும் பார்த்தேன். ஒண்ணும் தெரியலை" என்றார்.

அவர் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தார். அன்று ஒருவரும் என்னிடம் காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அதுதான் சரி என்று எனக்குப் பட்டது. சில மாதங்கள் கழித்து லேத்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் கனமான இரும்பைத் தூக்க மட்டும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.