கண்ணாடியைத் தொட்ட கை

ஃபிளோரா டீச்சரிடம் சீட்டில் தோற்பது எனக்குப் பழகிப்போன விஷயம். தஞ்சாவூரில் எங்கள் கிளப்பில் பிரிட்ஜ் ஆடிய ஒரே பெண் அவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஜோடி கணவர் கிளாட்சன். எதிரே நானும் ஹபீப் முகம்மதுவும். எனக்குத் திருவையாற்றுப் பக்கம் நெல் சாகுபடி. ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் பிரிட்ஜ்தான் வேளாண்மை, அதிலும் விளைச்சல் கிடையாது.

பிரிட்ஜில் நம் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதை ஏலம் கேட்கிற விதத்தில்தான் ஜோடிக்குத் தெரிவிக்க வேண்டும். முகமோ கையோ பேசக் கூடாது. கிளாட்சனிடம் ஏஸ் மாதிரி பெரிய சீட்டு நிறைய வந்துவிட்டால் இடது கை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடும். டீச்சர் உடனே ஏலத்தை உயர்த்துவார். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். பழகிய மனிதர்கள், யார் போய்ச் சொல்வது? கண்ணாடி ஏறியதும் நாங்களும் உஷாராகிவிடுவோம். ஆனாலும் தோற்போம், அது எங்கள் லட்சணம். கடைசி ஒரு வருடம் மட்டும் நாங்கள் ஜெயித்தோம். கிளாட்சனுக்கு இடது கையில் வலி, ஆட்டத்தில் மனம் இல்லை என்றார் டீச்சர்.

கிளாட்சன் இறந்த மறு வருடம், தொண்ணூற்றொன்பதில், சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன் எல்வின் அம்மாவைக் கொஞ்ச நாள் தன்னோடு இருக்க அழைத்துக்கொண்டான். டீச்சர் எந்த ஊருக்குப் போனாலும் சர்ச் எங்கே என்று விசாரித்த கையோடு பிரிட்ஜ் கிளப்பையும் விசாரிப்பார். பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது, ஜோடி இல்லாமல் வந்தால் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரில் டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொரு இடமாகக் கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை வாருங்கள், ஜோடி நாங்கள் தருகிறோம் என்றதாம் ஒரு கிளப். எனக்குக் கடிதம் போட்டார். படித்துவிட்டுப் பொறாமைப்பட்டேன்.

ஆறு மாதம் இருக்கப் போனவர் இரண்டே மாதத்தில் கிளப் வாசலில் வந்து நின்றார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார், சீட்டைத் தொடவில்லை. ஹபீப் டீக்குச் சொல்லப் போனபோது என்னிடம் சொன்னார். அங்கே அவருக்கு ஜோடியாக ஒரு சீனப் பெரியவர். மூன்றாவது ஆட்டத்தில் அவர் கண்ணாடியை ஏற்றியிருக்கிறார். டீச்சர் ஏலத்தை உச்சிக்குக் கொண்டுபோய்ப் படுதோல்வி. எதை நம்பி இவ்வளவு கேட்டீர்கள் என்று பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டாராம். நீங்கள் கண்ணாடியைத் தொட்டீர்களே என்று இவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பெரியவர் எழுந்துபோய்க் கிளப் செயலாளரிடம் சொல்லிவிட்டார். செயலாளர் வந்து, இந்த ஏமாற்று வேலையை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். என் கணவர் என்றிருக்கிறார் டீச்சர். இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"அத்தனை பேர் முன்னால அவரைக் காட்டிக்கொடுத்துட்டு வந்துட்டேன் சார். நெஜத்தைச் சொல்லுங்க. அவர் தெரிஞ்சேதான் செஞ்சாரா?"

ஆமாம் என்றால் செத்துப்போன என் சிநேகிதன் ஏமாற்றுக்காரன். இல்லை என்றால், அதைப் பார்த்து ஆடிய இவர்? இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் கிளாட்சனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அவருக்குத் தெரியாதுங்க டீச்சர். தன்னாலயே வர்ற பழக்கம். கடைசி வருஷம் நான்தான் கிண்டலாச் சொல்லித் தொலைச்சேன். முகம் செத்துப்போச்சு அவருக்கு. 'ஃபிளோரா இதைப் பாத்துத்தான் ஏலம் கேக்குறாளா?'ன்னார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் அந்தக் கையை மடியிலேருந்து எடுக்கவே இல்ல, கவனிச்சீங்களா?"

டீச்சர் சீட்டுக்கட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

"வலிக்குதான்னு கேட்டேன், ஆமான்னார். ஒரு வருஷம் அந்தக் கைக்குத் தைலம் தேச்சுவிட்டேன் சார்."