மனோர் ஹவுஸில் பதினொரு பேர்

மாமா எங்கே இருக்கிறார் என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: மனோர் ஹவுஸில். அம்மாவின் தம்பி அவர். நாங்கள் வெஸ்ட் ஈலிங்கில் இருந்தோம். பிக்கடிலி ரயிலில் ஏறி லண்டனின் மறுகோடிக்குப் போனால் மனோர் ஹவுஸ் என்ற ஸ்டேஷன் வரும். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் மாமாவின் வீடு. அது வெறும் இடப்பெயர் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு வயதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்பது என் எண்ணம்.

எண்பதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை பழைய கட்டடங்கள்தான் பாடம். மிஸ் எங்களை பஸ்ஸில் ஏற்றி லண்டன் ஓரத்தில் இருந்த ஒரு பழங்காலத்து மாளிகைக்குக் கூட்டிப்போனார். நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான பிரபு வாழ்ந்த வீடு, இதைத்தான் மனோர் ஹவுஸ் என்பார்கள் என்று சொன்னார். எனக்கு நெஞ்சு விம்மியது. மாமா இவ்வளவு பெரிய ஆள் என்று அம்மா சொல்லவே இல்லையே!

வீட்டைச் சுற்றிக் காட்டிய பெண்மணி எங்களை முதலில் ஹோல் என்ற பெரிய கூடத்தில் நிறுத்தினார். தலையை முழுதாகப் பின்னால் சாய்த்தால்தான் கூரை தெரியும். வளைந்த பெரிய மரங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் புகையேறிக் கறுத்திருந்தன. அந்தக் காலத்தில் புகைபோக்கி கிடையாதாம். ஹோலின் நடுவிலேயே நெருப்பு மூட்டுவார்களாம். வேலையாட்கள் எல்லோரும் அங்கேயே சாப்பிட்டு, நெருப்பைச் சுற்றித் தரையிலேயே வரிசையாகப் படுப்பார்களாம். ஒரு கோடியில் மரத்தட்டி, அதற்குப் பின்னால் சமையலறைக்குப் போகும் வழி. மறுகோடியில் மேடை, அதற்குப் பின்னால் படிக்கட்டு. மேலே லோர்ட் என்கிற அந்தப் பிரபுவின் அறை. அந்த அறைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று லோர்ட் அதன் வழியாகப் பார்ப்பாராம்.

எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது. மாமா வீட்டிலும் மாமாவும் அவரோடு தங்கியிருந்த பத்துப் பேரும் ஹோலில்தான் படுப்பார்கள். நடுவில் மண்ணெண்ணெய் ஹீட்டர். மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்காரரான லான்ட்லோர்ட்.

மறுநாள் வகுப்பில், யாராவது வேறு மனோர் ஹவுஸ் பார்த்திருக்கிறீர்களா என்று மிஸ் கேட்டபோது என் கை ஒன்றுதான் மேலே போனது. என் மாமா அங்கேதான் இருக்கிறார் என்றேன். மிஸ் சிரித்தார். அப்படியானால் அதன் உள்ளமைப்பை வரைந்து காட்டு, பெற்றோர் வரும் நாளில் எல்லாருடைய படங்களையும் சுவரில் ஒட்டுவோம் என்றார். நான் உயிரைக் கொடுத்து வரைந்தேன். ஹோல், ஹீட்டர், சமையலறைக்குப் போகும் வழி, படிக்கட்டு, மேலே லான்ட்லோர்ட், அவர் பார்க்க ஓர் ஓட்டை. ஓட்டை மட்டும் என் கற்பனை. தரையில் பதினொரு மெத்தைகளும் பதினொரு பேரும். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் அவரவர் பெயர். கதவில் வீட்டு இலக்கம், மேலே வீதியின் பெயர். ஒன்றையும் விடவில்லை.

அன்று பின்னேரம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"எத்தினை பேரைக் கீறினனீ?"

"பதினொரு பேரையும்."

"பேரும் எழுதினனீயோ?"

"ஓம். வீட்டு நம்பரும்."

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் நான்கு பேர் மட்டும்தான் இருக்கலாம் என்பதும், உள்ளூராட்சிக் கவுன்சில்காரர்கள் வந்தால் எல்லோரையும் வெளியே போட்டுவிடுவார்கள் என்பதும், பதினொரு பேரில் ஆறு பேருடைய விசா வழக்கு இன்னும் முடியவில்லை என்பதும் எனக்கு அன்றுதான் சொல்லப்பட்டன. பிடித்தால் சண்டை நடக்கிற ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் அம்மா. அங்கே போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.  அம்மா தொலைபேசியை எடுத்து, "தம்பி, இவள் உங்கட வீட்டைப் படமாக் கீறிப் பள்ளிக்கூடத்திலை குடுத்திட்டாள்" என்று தொடங்கி அழுதுவிட்டார்.

பெற்றோர் சந்திப்புக்கு நான்கு நாட்கள் இருந்தன. அந்த ஆறு பேரும் மெத்தைகளை விட்டுவிட்டுத் தெரிந்தவர் வீடுகளுக்குப் போனார்கள். ஒருவர் ஹவுன்ஸ்லோவுக்கு, மூவர் வேறெங்கோ. இருவர் மனோர் பார்க் என்ற இன்னொரு பகுதிக்குப் போனார்கள். மனோர் என்ற சொல் எங்களை விடுவதாக இல்லை.  வீதி ஒழுங்கு சொல்லித்தர எங்கள் பள்ளிக்கு ஒரு பொலிஸ்காரர் வருவார். என்னைக் கண்டால் தலையைத் தடவிவிட்டுப் போகிற நல்ல மனிதர். அவர் வகுப்புச் சுவர் முன்னால் நின்று என் படத்தைப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பதினொரு பெயர்களையும் எழுதுவது போலவே எனக்குக் கண்ணுக்குள் நின்றது. யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் அதைச் செய்தவள் நான்தான்.

அப்பாவுக்கு ஷிப்ட். அதனால் சந்திப்புக்கு அம்மாவோடு மாமா வந்தார், யாருடையதோ ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு. வழி முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. படத்தில் இருப்பதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது என்று மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். "பயப்பிடாதை பிள்ளை, ஒரு வசனம்தானே" என்றார் மாமா. அவருடைய கை என் கையைவிட அதிகம் வியர்த்திருந்தது.

வகுப்புச் சுவர் முழுவதும் படங்கள். ஒரு பையன் வரைந்த கோணல் கோபுரம்கூட இருந்தது. என்னுடையதைக் காணவில்லை. எனக்கு வந்தது நிம்மதி அல்ல, கோபம். இவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்ததற்கு ஓர் இடம் இல்லையா?

மிஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். நான் என் வசனத்துக்கு வாயைத் திறக்குமுன் அவரே பேசத் தொடங்கினார். இந்தப் பிள்ளையின் கற்பனைக்கு அளவே இல்லை, இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கப்போகிறார்கள், ஆனால் பார்க்கிற யாராவது இதை உண்மை என்று எடுத்துவிடக்கூடும், அதனால் சுவரில் ஒட்டவில்லை, வேறு யாருக்கும் காட்டவுமில்லை, நீங்களே வைத்திருங்கள் என்றார். என்னைப் பற்றிப் பேசினாலும் மாமாவின் முகத்தையேதான் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை மிஸ், நான் இட்டுக்கட்டவில்லை, எல்லாம் உண்மை!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மிஸ்ஸின் குரல் மாறவே இல்லை. வகுப்பில் வளர்க்கும் ஹாம்ஸ்டர் எலிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வா, செல்லம் என்றார். கூண்டில் தண்ணீர் நிறையவே இருந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது மாமா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். மிஸ் வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்தார். ஒரு வெள்ளைக்காரியின் முன்னால், எல்லோரும் பார்க்க, மாமா இப்படி நிற்கிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்துதான் உறையைத் திறந்தோம். வீட்டு இலக்கம் இல்லை. வீதியின் பெயர் இல்லை. பதினொரு பெயர்களும் இல்லை. காகிதம் மெலிந்து நூலாகும்வரை அழிரப்பரால் தேய்க்கப்பட்டிருந்தது. என் படத்தைப் பழுதாக்கிவிட்டார் என்று நான் விம்மி விம்மி அழுதேன். மாமா அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நல்ல மனிசி, அக்கா" என்றார். அம்மாவும் ஓம் என்றார். இருவரும் மிஸ்ஸின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

இன்று நானும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். அப்படி ஒரு படம் என் மேசைக்கு வந்தால் எனக்கு எவ்வளவு துணிச்சல் வரும் என்று தெரியவில்லை.

தவணை முடியும் நாளில் மிஸ்ஸிடம் கொடுக்கச் சொல்லி மாமா ஒரு நன்றி அட்டை தந்தார். அகராதி பார்த்து இரண்டு நாட்கள் எழுதியது என்று அம்மா சொன்னார். நான் அதைப் பள்ளிக்கூட வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். அட்டையைப் பார்த்துவிட்டு மிஸ் என்ன சொன்னார் என்று மாமா ஆவலாகக் கேட்டார். சந்தோஷம் என்று சொன்னார் என்றேன். அந்தப் பொய் மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது.