தீப்பெட்டியில் சப்பென்ற உப்பு

என் அக்கா இன்று ஆங்கிலிக்கன் இறையியல் பேராசிரியர். பெயருக்கு முன்னால் ரெவரெண்ட், டாக்டர் என்று இரண்டு எஞ்சின்கள் இழுக்கின்றன. என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியலே தள்ளாடுகிறது. அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது என் பொறாமைதான். எந்தப் பாராட்டு விழாவிலும் இதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினொன்று. அப்பா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. சென்னையில் இறையியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மாமா வந்திருந்தார். உப்பு சாரமற்றுப்போனால் என்று பைபிளில் இயேசு சொல்கிறாரே, நிஜ உப்பு அப்படித் தன் சுவையை இழக்குமா என்பது அவர் படிப்பில் பெரிய கேள்வியாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அதைப் பற்றித்தான் பிரசங்கம்.

"ஆளுக்கு ஒரு தீப்பெட்டி உப்பு கொண்டு வாங்க. யாருது எனக்குப் பிடிக்குதோ அவங்களை லீவுக்கு மெட்ராஸ் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அக்காவின் ரேங்க் அட்டையைப் பார்த்த பிறகு அப்பா என்னுடையதைப் பிரிக்காமலே கையெழுத்துப் போடுவார். மெட்ராஸையும் அவளுக்கு விட முடியுமா? அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பெட்டியைக் கொட்டிவிட்டு, மழையில் கரைந்துபோன பழைய உப்புக் குவியலின் அடியில் மிஞ்சிய வெள்ளைத் தூளை நிரப்பி வைத்தேன். பார்க்க உப்பு, வாயில் போட்டால் சுவர்.

மாமா என் கல்லுப்பை நக்கி, "சூப்பர்டா" என்றார். மனதுக்குள் நான் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளுடையதை நக்கினார். இன்னொரு முறை நக்கினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உப்பே இல்லியே! ஏம்மா, எங்க எடுத்த?"

அக்கா மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எட்டிப் பார்த்து, "மழையில உப்பு ஓடிட்டா இந்தக் கசடுதான் மச்சான் நிக்கும்" என்றார்.

மாமா துள்ளாத குறை. "நல்ல உப்பு கடையிலயே கிடைக்குது. எனக்கு வேண்டியது இதுதான்!"

நான்தான் வைத்தேன் என்று சொன்னால் மெட்ராஸ் கிடைக்கலாம். முதுகு பழுப்பது நிச்சயம். வாயை மூடிக்கொண்டேன். அவள் மெட்ராஸ் போனாள். மாமாவின் புத்தக அலமாரிக்குள் நுழைந்தவள் இன்றுவரை வெளியே வரவில்லை.

போன மாதம் அவளுக்குப் பாராட்டு விழா. மேடையிலிருந்து இறங்கியவளிடம் உண்மையைக் கக்கினேன்.

"தெரியும்டா. குடுக்கறதுக்கு முன்னாடியே நாக்குல வெச்சுப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் குடுத்த?"

"ஏன் கரிக்கலன்னு எனக்குப் புரியல. மாமாவுக்காவது தெரியுமான்னு பார்த்தேன்."

அவள் அந்தப் போட்டியிலேயே இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. தனியாக ஓடியிருக்கிறேன், அதிலும் இரண்டாவதாக வந்திருக்கிறேன்.