ரஸ்க் வரும் வழி

அத்தை ஓட வேண்டியது நானூறு மீட்டர். அதற்காக அவள் தினமும் பதினான்கு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் என் அப்பா.

அப்பாவுக்குச் செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை. ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அவரிடம்தான் வாடகைக்கு சைக்கிள் எடுப்பார்கள். அத்தை அவருடைய கடைசித் தங்கை, எங்களோடு இருந்தாள். பி.ஏ. முடித்த பிறகு இரண்டு வருடமாகப் பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கிளறிச் சலித்துப்போனவள், ஒரு நாள் சாப்பிடும்போது போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னாள். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

"வயசுப் பொண்ணு ரோட்ல ஓடுனா ஊர் இன்னா பேசும்னு யோசிச்சியா?" என்றார்.

அவளைக் காப்பாற்றியது ஒரு நாய். எங்கள் கடையில் சைக்கிள் எடுத்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தினமும் காலையில் ஒரு தெரு நாயோடு ஓடுவாள். ஊருக்குத் திரும்பும்போது அதன் கயிற்றை அத்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அதற்கு வைத்திருந்த பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. டீக்கடை ரஸ்க்கைத் தின்றே வளர்ந்த உடம்பு என்பதால் ரஸ்க் என்று கூப்பிட்டோம். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை யாராவது அத்தைக்கு நாலடி பக்கத்தில் வந்தால் போதும், அது பல்லைக் காட்டும். இதை அப்பா கவனித்துவிட்டார்.

அப்புறம் நிபந்தனைகள் வந்தன. நாய் கூடவே ஓட வேண்டும். நான் சைக்கிளில் பின்னால் போக வேண்டும். ஓடுவது கிரிவலப் பாதையில் என்பதால் செருப்பு, ஷூ எதுவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாதியில் திரும்பக் கூடாது. மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும், வந்த வழியே திரும்பினால் மலை இடது பக்கம் வந்துவிடும், அந்தப் பாவம் நம் வீட்டுக்கு வேண்டாம் என்றார். ஆகவே ஒரு பெண் நானூறு மீட்டர் பழகுவதற்காக ஒரு மலையையே சுற்ற வேண்டியதாயிற்று.

ஆறு மாதம் சுற்றினோம். காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் அடி அண்ணாமலை, குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம், டவுன் வழியாக ஏழரைக்கெல்லாம் வீடு. அத்தை பாதி ஓடுவாள், பாதி நடப்பாள். ரஸ்க் அவளுக்கு இடது பக்கம், ரோட்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஓடும். அவள் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்று, இவ்வளவுதானா என்பதுபோல் அவள் முகத்தைப் பார்க்கும். எனக்கு அப்பா கொடுத்திருந்தது ஏழாம் நம்பர் குட்டி சைக்கிள். கேரியரில் சாமான் கட்ட, பழைய ட்யூபை நீளமாக அறுத்து இரண்டு முனையிலும் கொக்கி மாட்டிய பட்டை இருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் மாற்றிவிடக் கூடாது என்று அப்பா ஒவ்வொரு பட்டையிலும் வெள்ளைப் பெயிண்டில் சைக்கிள் நம்பரை எழுதி வைப்பார்.

அத்தையோடுதான் நான் படுப்பேன். எனக்குத் தலை பின்னுவது, பாடம் கேட்பது, அம்மாவின் அடியிலிருந்து காப்பது எல்லாம் அவள்தான். வேலூரில் ஓட்டப் பரீட்சை திங்கட்கிழமை என்று கடிதம் வந்த அன்று எல்லோரையும்விட நான்தான் அதிகம் குதித்தேன். இரவு சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள், "குதிக்காத. செலக்ட் ஆயிட்டா உங்க அத்தை ட்ரெயினிங் போயிடுவா. அப்புறம் எந்த ஊர்ல வேலை போடுவாங்களோ, இங்க எங்க இருக்கப் போறா?"

இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு அத்தை தூங்கிய பிறகும் அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன். நாய் இல்லாவிட்டால் ஓட்டம் கிடையாது என்பது அப்பாவின் சட்டம். அந்தச் சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது பத்து வயதுக்காரிக்குத்தான் தெரிந்தது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தபோது, ஒரு பௌர்ணமியன்று காலையில் அதைச் செய்தேன். அடி அண்ணாமலை தாண்டியதும் ரோடு நேராக இருக்கும். அங்கே அத்தை தனியாக வேகம் பிடித்து ஓடிப் பார்ப்பாள். காலில் இடறும் என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் நாயை நான் பிடித்துக்கொள்வேன். அவள் கண்ணுக்கு மறைந்ததும் ரஸ்க்கை வேர்க்கடலைக் கொல்லைக்குள் இழுத்துப் போனேன். பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் ஒரு புங்க மரம். கயிற்றில் கட்டினால் அவிழ்த்துக்கொள்ளும் என்று கேரியர் பட்டையைக் கழற்றி, ஒரு முனையை அதன் கழுத்திலும் மறு முனையை மரத்திலும் சுற்றிக் கொக்கி மாட்டினேன். கொட்டாங்கச்சியில் தண்ணீர், நாலு ரஸ்க். தினமும் சாயங்காலம் வந்து சோறு வைப்பது, திங்கட்கிழமை தாண்டியதும் அவிழ்த்துவிடுவது என்பது திட்டம். அது வாலை ஆட்டிக்கொண்டு நான் போவதையே பார்த்தது.

ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டதாக அத்தையிடம் சொன்னேன். வெறும் கயிற்றைக் காட்டினேன். அவள் அந்த ரோட்டில் முன்னும் பின்னும் நடந்து தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, கொல்லையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு அத்தை" என்றேன். அந்த வயதில் அப்படி ஒரு குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதியம் சாப்பாட்டு மணி அடித்தபோது பக்கத்து பெஞ்சுக்காரி சாவகாசமாகச் சொன்னாள். பௌர்ணமிக் கூட்டம் வருவதால் கிரிவலப் பாதையில் நாய் வண்டி சுற்றுகிறதாம், அவர்கள் தெருவில் மூன்றைத் தூக்கிவிட்டார்களாம். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். கட்டிப் போட்ட நாய் ஓடக்கூட முடியாது. அந்தக் கொல்லைக்குள் வண்டி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு நடந்த கணக்குப் பாடத்தில் எதுவும் என் காதில் விழவில்லை.

பள்ளி விட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தால் வீட்டு வாசலில் அப்பாவின் மொபெட் நின்றிருந்தது. அடி அண்ணாமலைவரை போய்த் தேடிவிட்டு வந்திருந்தார். டீக்கடையில் பார்த்த ஒரு கொல்லைக்காரர், தன் பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாய் கத்திக்கொண்டிருந்ததாகவும், தான் மோட்டார் போடப் போனபோது கட்டியிருந்ததைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார்.

"எவனோ வேணும்னே கட்டிப் போட்டிருக்கான். எந்தப் பாவியோ" என்றார் அப்பா.

அந்தப் பாவி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பட்டை இல்லாததால் அன்றைக்குப் பையை ஹாண்டில்பாரில் தொங்கவிட்டிருந்தேன். அத்தை பையைப் பார்த்தாள், கேரியரைப் பார்த்தாள், பிறகு அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா, நாய்க்கு வந்த வழி தெரியும், தானே திரும்பி வந்துவிடும் என்றார்.

"அதுக்கு அந்த வழி தெரியாதுண்ணா" என்றாள் அத்தை. "ஒரு நாள் கூட அது அப்படித் திரும்பி வந்ததில்ல. சுத்திக்கிட்டுத்தான் வரும். குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம், டவுனு. நாய் வண்டி அங்கதான் நிக்குது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்புவது என்ற ஒன்றையே அந்த நாய்க்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டவுன் பக்கம் திரும்பி நின்றாள். எதிர்ப்பக்கமாகப் போனால்தான் அதை நேருக்கு நேர் பிடிக்க முடியும். பௌர்ணமிக் கூட்டத்தில் மொபெட் நுழையாது. அப்பா குறுக்கே வந்தார்.

"பௌர்ணமி நாளும் அதுவுமா, இடது பக்கம் மலைய வெச்சிக்கினு ஓடுவியா? நாய் கூட இல்ல, தனியா. ஊரே ரோட்லதான் நிக்குது."

"பாவம்னா எனக்கு வரட்டும்ணா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அப்பாவின் பேச்சுக்கு அந்த வீட்டில் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் சைக்கிளில் பின்னால் போனேன். டவுனைத் தாண்டியதும் எதிரே கூட்டம். மஞ்சள் புடவைகள், தோளில் குழந்தைகள், வெறும் கால்கள், எல்லாம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அத்தை அத்தனை பேரையும் கிழித்துக்கொண்டு போனாள். "யம்மா, அந்தப் பக்கம் போவக் கூடாதும்மா" என்று ஒரு கிழவர் கையை நீட்டித் தடுத்தார். யாரோ சிரித்தார்கள். யாரோ பைத்தியம் என்றார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னல் அவிழ, அவள் யார் முகத்தையும் பார்க்காமல் ஓடினாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக முடியாமல் ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் அவளைத் தவறவிட்டேன்.

அங்கேதான் நாய் வண்டி நின்றிருந்தது. கம்பி வலைக்குள் பத்துப் பன்னிரண்டு நாய்கள், ஒன்றின் மேல் ஒன்று, ஒரு சத்தமும் இல்லாமல். கறுப்பு, வெள்ளை, புள்ளி. பழுப்பு நிறத்தில் ஒன்று அடியில் கிடந்தது, முகம் தெரியவில்லை. "ரஸ்க்" என்று கூப்பிட்டேன். அது அசையவில்லை. வண்டிக்காரர் என்னைப் போகச் சொன்னார். நான் வலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அருணாசலேஸ்வரா, அத்தை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். கடைசியில் அது தலையைத் தூக்கியது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. வேறு நாய்.

கூட்டத்தைச் சைக்கிளால் இடித்துக்கொண்டு மேலே போனேன். இடுக்குப் பிள்ளையார் தாண்டி, கூட்டம் எதையோ சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து நடந்தது. நடுரோட்டில் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ரஸ்க். பக்தர்களோடு பக்தராக, மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, ஓரமாக நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்ததாம். முன்னங்கால் பாதம் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. அத்தை அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நாய் வாலை ஆட்டியது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதன் கழுத்தில் பட்டையின் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை கொக்கியைக் கழற்றினாள். கடித்த முனையைத் தடவினாள். வெள்ளைப் பெயிண்ட் ஏழு அவள் உள்ளங்கையில் மேல்நோக்கிக் கிடந்தது. அவள் எழுந்து வந்து, அதைச் சுருட்டி என் கேரியரில் மாட்டிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு கூட்டம் போகும் திசையில் நடந்தாள். கைக்கு எட்டிய இடத்தில் மாட்டியிருக்கிறாள், நம்பரைக் கவனிக்கவில்லை, பிழைத்தோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். எதில் கட்டியிருந்தது என்று கேட்டார். ஏதோ பழைய கயிறு, வழியிலேயே விழுந்துவிட்டது என்றாள் அத்தை. பிறகு நாயின் பாதத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே, நிமிராமல், "காலு ஆறற வரைக்கும் இது வீட்ல இருக்கட்டும்ணா. நாளைலருந்து நான் தனியா ஓடிக்கிறேன்" என்றாள். அப்பா வாயைத் திறந்தார். அவளுடைய புழுதிக் கால்களைப் பார்த்தார். கடையைச் சாத்தப் போய்விட்டார்.

மறுநாள் அவள் என்னை எழுப்பவில்லை. கண் விழித்தபோது பாயில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பாவம் குழந்தை, களைத்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

வேலூரில் அவள் வெறுங்காலோடு ஓடித் தேறினாள். இரண்டு மாதம் கழித்துப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, போகாதே என்று மானத்தை வாங்கினேன். அப்பா டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தை குனிந்து, என் பின்னலை ஒரு முறை அவிழ்த்து இறுக்கமாகப் பின்னிவிட்டு, என் காதில் மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"என்னைத் தனியா ஓட வெச்சதே நீதான்டி."

என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை. பஸ் போன பிறகும் அந்தப் பெருமை இறங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரியிலிருந்து டீச்சர்வரைக்கும் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் அத்தை போலீஸ் ஆனதே என்னால்தான் என்று, அவளே அப்படிச் சொன்னாள் என்று. அறுந்த பட்டை மாட்டிய சைக்கிளில்தான் போய்ச் சொன்னேன்.